பாப்பாவுக்குக் காய்ச்சல் 101

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

என் அப்பா இந்த வருடம் மாசி மாதம் தவறிவிட்டார். 71 வயது. தபால் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குளம் குளமாகச் சுற்றுவதும் மலை ஏறுவதும்தான் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே டிவிஎஸ் 50-ஐக் கிளப்பிவிடுவார். கழுத்தில் பைனாகுலர், சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. அவர் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்கு ஞாபகம் இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று பந்தியில் உட்கார்ந்து பெரியப்பா, "அவனுக்குக் குளமும் குருவியும்தான் பொண்டாட்டி பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு சின்ன மலர் போடலாம் என்று தம்பி சொல்கிறான். என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். "இயற்கை ஆர்வலர், அன்பான குடும்பத் தலைவர்" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை மலரில் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேனோ என்று இருக்கிறது. அவர் வைத்திருந்த நோட்டுகள் 11 இருக்கின்றன. எல்லாம் பறவைக் கணக்குதான். எங்களைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. நீங்களே பார்க்கட்டும் என்று இரண்டு பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். காட்டைப் பற்றியும் காட்டில் திரிந்தவர்களைப் பற்றியும் நீங்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்டவர்கள் வீட்டை விட்டுத் தப்பிக்கத்தான் வெளியே போகிறார்களா? அந்த நோட்டுகளை நாங்கள் என்ன செய்வது?

இப்படிக்கு,
உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். அந்த இரண்டு பக்கங்களைப் பத்துப் பதினைந்து முறை பார்த்துவிட்டேன். கைப்பேசியில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று கணினியில் பெரிதாக்கியும் பார்த்தேன்.

முதல் பக்கத்தை இங்கே எடுத்து எழுதுகிறேன். நீங்கள் தவறாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

"12-1-1997, ஞாயிறு. கூந்தன்குளம். 6.40. பனி. வரித்தலை வாத்து 43 (வடகரை). கூழைக்கடா 110-க்கு மேல். மஞ்சள்மூக்கு நாரை, கூட்டில் குஞ்சு. தென்கரை எண்ணவில்லை. 7.55 கிளம்பிவிட்டேன்."

இதற்குக் கீழே, பக்கத்தின் மூலையில், வேறு பேனாவில் சின்ன எழுத்தில்: "பாப்பாவுக்குக் காய்ச்சல் 101. அவள் போகச் சொன்னாள்."

உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூலையை மறுபடி பாருங்கள். போட்டோ எடுக்கும்போது உங்கள் கட்டைவிரல் அதை ஒட்டியே விழுந்திருக்கிறது. அதனால்தான் கண்ணில் படாமல் போயிருக்கும்.

'தென்கரை எண்ணவில்லை' என்ற வரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பறவை எண்ணும் ஒருவர் குளத்தில் பாதியை எண்ணிவிட்டுத் திரும்புவது லேசான காரியம் இல்லை. கூந்தன்குளம் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் ஊர். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தங்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்து வருகிறார்கள். நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்தோடு நிற்பதில்லை. தெருவில், வீட்டு முற்றத்தில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்து மீன் கொடுத்துத் தேற்றுகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. பறவை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குத் தனி உரம் என்று விவசாயிகள் சொல்வார்கள்.

வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்தில் மட்டும்தான் வரும். மங்கோலியாவிலும் திபெத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. உடம்பில் கருவி மாட்டிக் கண்காணித்ததில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். காற்று பாதிக்குப் பாதியாக மெலிந்துவிடும் உயரம் அது. அவ்வளவு தூரம் வந்த பறவை வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் நம் குளத்தில் நிற்கும். ஆபீசுக்குப் போகிற ஒரு மனிதருக்கு அதில் பன்னிரண்டு, பதினைந்து ஞாயிறுதான் கிடைக்கும். உங்கள் அப்பா அதில் ஒரு ஞாயிற்றைப் பாதியில் விட்டிருக்கிறார். நல்ல பனிக்காலம், வெயில் ஏறாத நேரம், தென்கரை கண்ணெதிரே கிடக்கிறது. 7.55-க்கு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சரி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு அவர் போகலாமா என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். அதற்கான பதிலையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்: 'அவள் போகச் சொன்னாள்.' அவள் என்றால் உங்கள் அம்மா. நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறார். போனது மனதை உறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் பறவைக் கணக்கு நோட்டில் அந்த வரிக்கு என்ன வேலை?

தமிழில் இந்த மாதிரி மனிதரை நமக்கு ரொம்பக் காலமாகவே தெரியும். சத்திமுத்தப் புலவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைப்புத் தேடி மதுரைக்குப் போய், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் வாடையில் கையால் உடம்பைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார். தலைக்கு மேலே நாரைகள் போகின்றன. ஊரில் மனைவி, நனைந்த சுவருள்ள கூரை வீட்டில் பல்லி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இவர் வரவுக்காகக் காத்திருக்கிறாள். அவளிடம் என் நிலைமையைச் சொல்லுங்கள் என்று அந்த நாரைகளிடம் கேட்கிறார். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கேட்பதற்கு முன்னால் அந்த நாரையின் அலகை எப்படிப் பார்த்திருக்கிறார், கவனியுங்கள்: பனங்கிழங்கைப் பிளந்து வைத்தது போல என்கிறார். பனங்கிழங்கை அவித்து உரித்து இரண்டாகப் பிளந்து தின்ற நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த உவமை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். குளிரில் நடுங்கும்போதும் அலகின் வடிவத்தைத் தவறவிடாத கண் அது. அதே நிமிடத்தில் மனம் வீட்டில் இருக்கிறது. பறவையைப் பார்ப்பதும் பெண்டாட்டியை நினைப்பதும் அவருக்கு ஒரே மூச்சில் நடக்கின்றன. உங்கள் பெரியப்பா இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசியிருக்கிறார். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் வந்த பேச்சு. அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் அதை நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது பக்கம் 8-3-1998. வனத்துறை ஆட்களோடு காரையாற்றுக்கு மேலே போயிருக்கிறார். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் அந்தப் பகுதிக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது. அங்கே உள்ளவர்களிடம் நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும். "இருவாச்சி ஆண். 4 மணி நேரத்தில் 3 தடவை வந்தது. பொந்தில் பெட்டையின் அலகு நுனி மட்டும் தெரிகிறது. அத்திப்பழம், ஒவ்வொன்றாகக் கக்கிக் கக்கிக் கொடுக்கிறது. 14 எண்ணினேன்." பக்கத்தின் ஓரத்தில்: "பாப்பா பீஸ், 10-ம் தேதிக்குள்."

இருவாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பெரிய மரத்தின் பொந்துக்குள் பெட்டை போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலைத் தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும்வரை மூன்று நான்கு மாதம் அதற்கு வெளியுலகமே கிடையாது. அத்தனை நாளும் ஆண் காடெல்லாம் அலைந்து அத்தி, ஆல் எனப் பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். ஆணை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் பெட்டையும் குஞ்சும் பட்டினி. ஆண் இருவாச்சி பறக்கும்போது இறக்கைச் சத்தம் வெகு தூரம் கேட்கும். காட்டில் அதைப் பார்ப்பவர்கள், எவ்வளவு சுதந்திரமாகச் சுற்றுகிறது என்றுதான் நினைப்பார்கள். அது போய்த் திரும்பும் வழியெல்லாம் ஒரு பொந்தில்தான் முடிகிறது.

உங்கள் அப்பாவை இருவாச்சி என்று மலரில் எழுதிவிடாதீர்கள். அவர் தபால் ஆபீஸ் எழுத்தர். அப்படி ஒப்பிட்டு எழுதினால் அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் 4 மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து 14 பழத்தை எண்ணிய மனிதருக்கு, நடுவில் எங்கோ உங்கள் பள்ளிக்கூடக் கட்டணத்தின் கடைசித் தேதி ஞாபகம் வந்து, அதைக் குறித்து வைத்திருக்கிறார். இதை அப்படியே எழுதுங்கள். தேதியோடு எழுதுங்கள்.

வீட்டை விட்டுத் தப்பிக்கத்தான் இவர்கள் வெளியே போகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் நினைவுதான் வந்தது. உங்கள் மாவட்டத்துக்காரர். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழின் முதல் நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தமிழைப் பட்டப் படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசிவிட்டு உட்கார்ந்த மாதவையா அங்கேயே உயிரை விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். பேராசிரியர் பைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கப் போனார். சட்டமும் படித்தார். எதுவும் நிலையான சம்பளமாக அமையவில்லை. 1937-ல் இந்துமதியைத் திருமணம் செய்துகொண்டார். சில வருடம் சின்னச் சின்ன வேலைகள், அப்புறம் 1942-ல் இப்போதைய கர்நாடகத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை. அங்கே ஆடு மேய்த்திருக்கிறார், தபால் கொண்டுபோகப் புறா பழக்கியிருக்கிறார், காட்டில் மனம்போலத் திரிந்திருக்கிறார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பினார். அதற்குப் பின் ஆயுள் முழுக்க எழுத்தும் புகைப்படமும் ஓவியமும்தான் வருமானம். 1950-ல் கல்கத்தா ஆங்கில நாளிதழ் ஒன்றில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரியில் மறையும் வரை 46 ஆண்டுகள் எழுதினார்.

காட்டு யானையின் பின்னால் நடந்தும், பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்தும் படம் எடுத்தவர். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட பெரிய கேமரா. எல்லாம் கருப்பு வெள்ளை. அப்படிப்பட்டவர் அந்தப் பத்தியில் எதைப் பற்றியெல்லாம் எழுதினார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். புலியும் யானையும் உண்டு. அதே அக்கறையோடு காகம், அணில், ஆடு, கழுதை, வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி எல்லாம் உண்டு. காடு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று அவர் கோடு போட்டுக்கொள்ளவில்லை. நான் அவரிடம் மதிப்பது முதலில் இதைத்தான்.

வயதான காலத்தில் பேத்திக்காக ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலங்கு என்று பாடல் எழுதி, அவரே படமும் வரைந்து கொடுத்தார். அது அவர் காலத்துக்குப் பிறகுதான் புத்தகமாக அச்சேறியது. அச்சில் வரும், நாலு பேர் பாராட்டுவார்கள் என்று செய்த வேலை இல்லை. வீட்டில் ஒரு குழந்தை இருந்தாள், அவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் இருந்த மிகச் சிறந்த பொருளைக் கொடுத்தார். 50 ஆண்டு காட்டில் பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது.

இதைச் சொல்வதால், இப்படிப்பட்டவர்களின் வீடுகளில் யாருக்கும் சிரமம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் இல்லாத வீட்டை நடத்துவது எவ்வளவு பாரம் என்று அதை நடத்திய பெண்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் சம்பளம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. அந்த ஞாயிறுகளில் உங்களையும் தம்பியையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர் உங்கள் அம்மா. நீங்கள் மூவரும் சினிமாவுக்கும் கோயிலுக்கும் அவர் இல்லாமல்தான் போயிருப்பீர்கள். அது இழப்புதான். மலரில் அதை மறைத்து எழுத வேண்டாம். 'அன்பான குடும்பத் தலைவர்' என்ற சொற்களில் உங்களுக்குப் பேனா நின்றது ஏன் என்றால், அந்தச் சொற்களில் உங்கள் அப்பா இல்லை. எல்லா நினைவு மலரிலும் எல்லா அப்பாக்களுக்கும் போடுகிற சொற்கள் அவை. 101 டிகிரியும் 7.55 மணியும் அவருக்கு மட்டுமே உரியவை.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குத் தூண்டில். வேலை இல்லாத நாளெல்லாம் ஆற்றங்கரையில்தான். ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். அதில் அளவு வாரியாக முள், நரம்புச் சுருள், மயிலிறகுத் தண்டை வெட்டி அவரே செய்த தக்கைகள். ஒவ்வொரு தக்கையின் நுனியிலும் சிவப்புச் சாயம், கெண்டைக்கு ஒரு கோடு, விராலுக்கு இரண்டு கோடு. அவர் காலமான வருடம் வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் நானே தூக்கிப் போட்டேன். துருப்பிடித்த முள், குழந்தைகள் கையில் குத்திவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். சில வருடம் கழித்து என் மகள், "தாத்தா மீன் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டாள். தக்கை எப்படி முதலில் லேசாகத் துடித்து, அப்புறம் சாய்ந்து, அப்புறம் சட்டென்று முங்கும் என்று வாயால் சொன்னேன். கையில் காட்ட ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உங்கள் 11 நோட்டுகளைப் பற்றி இவ்வளவு பதறுகிறேன்.

அந்த நோட்டுகளை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இது உணர்ச்சிக்காகச் சொல்வது மட்டும் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வந்தது. ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்ட காலத்தில் கூடியதா குறைந்ததா என்று அவர்களால் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டும்தான். அதில் 204 இனங்கள் குறைந்துவிட்டன. மற்ற இனங்களுக்கு ஏன் சொல்ல முடியவில்லை? அன்றைய நிலவரத்தோடு இன்றையதை ஒப்பிட 2000-க்கு முந்தைய பதிவுகள் போதுமான அளவு கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் எண்ணியவர்கள் குறைவு, எண்ணியதை எழுதியவர்கள் அதைவிடக் குறைவு, எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் இன்னும் குறைவு. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட 11 நோட்டுகள் இருக்கின்றன. 1997-ல் கூந்தன்குளம் வடகரையில் எத்தனை வரித்தலை வாத்து என்பதற்கு உங்கள் அப்பா ஒருவர் மட்டுமே சாட்சியாக இருக்கலாம்.

ஈபேர்ட் (eBird) என்று, பறவை பார்ப்பவர்கள் தங்கள் கணக்கைப் பதிவு செய்யும் ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் பழைய தேதியிட்ட பட்டியல்களையும் ஏற்றலாம். தேதி, இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தார், எத்தனை பறவை, இவ்வளவு இருந்தால் போதும். நேரம் தெரியாத பக்கங்களைச் சேர்க்கவும் அதில் தனி வகை உண்டு. பறவைகளின் பெயரில் சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிற நண்பர்கள் இருக்கிறார்கள். 2015-லிருந்து வருடா வருடம் நடக்கிறது. பக்கத்து ஊரில் யாராவது இருப்பார்கள், சந்தோஷமாக உதவுவார்கள். பட்டியலின் குறிப்புப் பகுதியில் 'தென்கரை எண்ணவில்லை' என்பதையும் மறக்காமல் போடுங்கள். பாதி எண்ணிக்கையை முழு எண்ணிக்கை என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. உங்கள் அப்பா அதற்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று. நோட்டுகளைக் கடையில் கொடுத்து நகல் எடுக்காதீர்கள். தையல் விட்டுப்போகும். பென்சிலில் எழுதிய பக்கங்கள் இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள், மங்கிக்கொண்டே போகும். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் போடாமல், முழுப் பக்கமும் விழுகிற மாதிரி படம் எடுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம். கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். பறவைக் கணக்கை உலகத்துக்குக் கொடுங்கள். ஓரத்தில் இருப்பது உங்கள் வீட்டுக்கு. இரண்டு பக்கத்தில் இரண்டு வரி கிடைத்திருக்கிறது. 11 நோட்டில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலருக்கு எழுத உட்காருவதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள். பந்தியிலிருந்து ஏன் எழுந்து போனார்கள் என்று கேட்க வேண்டாம். அந்த 1997 பக்கத்தைக் காட்டி, காய்ச்சலில் நான் கிடந்தபோது அப்பாவை ஏன் போகச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் முதலில் என்ன சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு எந்தப் பறவையைப் பற்றியெல்லாம் பேசுவார் என்று கேளுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தக் குளங்களில் பாதிக்கு மேல் உங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், ஒருமுறைகூடப் போகாமலே. அம்மா சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். மலரின் முதல் பக்கத்தில் அதைப் போடலாம். உங்கள் பக்கம் அதற்கு அடுத்து வரட்டும்.

மார்கழி பிறந்து பனி இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போய்வாருங்கள். 6.40-க்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த பைனாகுலரை எடுத்துக்கொள்ளுங்கள். வடகரையை முடித்துவிட்டுத் தென்கரைக்கும் போங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்